அம்மா படித்த பி.ஏ.

ஓராண்டுக்கு முன் அம்மாவை வழியனுப்ப வந்தவர்களில் பலர், "உங்கம்மா பி.ஏ. படிச்சவங்களாமே" என்று என்னிடம் கேட்டார்கள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அம்மா நிரவியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்கள். காரைக்காலில் கன்னியர்கள் நடத்திய பிரெஞ்சுப் பள்ளியில், பத்தாம் வகுப்புக்கு நிகரான பிரெவே தேர்வு வரை படித்தார்கள். தேறிய கையோடு கல்யாணம். கோவில்பத்தில் அப்பாவின் வீட்டுக்கு வந்து, மாமனார் மாமியாரைக் கடைசிவரை பார்த்து, அண்ணன்கள் இருவரையும் என்னையும் வளர்த்து ஆளாக்கினார்கள். நாற்பத்திரண்டாவது வயதில், மேலே படிக்க வேண்டும் என்றார்கள்.

அப்பா கோபப்படவில்லை. புரியாமல்தான் கேட்டார்கள்.

"இப்பப் படிச்சு என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லைங்க. படிக்கணும், அவ்வளவுதான்."

பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த அந்தச் சான்றிதழைக் கல்லூரி அலுவலகத்தில் ஏற்கவில்லை. மெட்ரிக், பி.யூ.சி. இரண்டையும் தனியாக எழுதித் தேறிய பிறகே அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர முடிந்தது. சமையலை முடித்துவிட்டு, தபாலில் வந்த பாடங்களை அடுக்களையிலேயே உட்கார்ந்து படிப்பார்கள். தேர்வுக்கு மாயவரம் பஸ்ஸில் போவார்கள். கூட எழுதியவர்களுக்கு என் வயது.

கடைசி வருடத் தேர்வு நடந்த வாரத்தில்தான் எனக்குத் தலைப்பிரசவம். அம்மா ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. நீங்கள் போங்கள் என்று ஒப்புக்கு ஒருமுறை சொன்னேன். "பரீட்சை அடுத்த வருஷமும் வரும்" என்றார்கள். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அடுத்த வருடம் எழுதினார்கள். இரண்டாம் வகுப்பில் தேறினார்கள். இரண்டே மாதத்தில், காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது தலை சுற்றி விழுந்தார்கள். புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். கை, கால், பேச்சு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. வீடு திரும்பிய மறுநாள் செய்தித்தாளை விரித்த அம்மா, அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இது என்ன பாஷை?" என்று கேட்டார்கள். தமிழ்தான்.

கண்ணில் கோளாறில்லை, மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, எழுத்தை அடையாளம் காணும் இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார் டாக்டர். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

பட்டம் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் நீட்டிய தாளில் அம்மா பழைய அழகோடு கையெழுத்துப் போட்டார்கள். எழுத வந்தது. எழுதியதைப் படிக்கத்தான் வரவில்லை. பட்டத்தை என்னிடம் கொடுத்து, "எம்பேரு எங்க இருக்கும்மா?" என்று கேட்டார்கள். விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.

நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. "நீ டீச்சர்தானே, எனக்கும் சொல்லிக் குடேன்" என்றார்கள். ஞாயிறுதோறும் சிலேட்டில் அ, ஆ எழுதிக் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். விரலை எடுத்ததும் போய்விடும். ஏழெட்டு மாதம் இப்படியே நடந்தது. ஒரு ஞாயிறு, அம்மாவே சிலேட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "போதும்மா. நீ பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடு" என்றார்கள். அவர்கள் அழவில்லை. நான்தான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் இருந்தார்கள். யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. போன வருடம் காய்ச்சலில் படுத்தார்கள், பத்தாம் நாள் போய்விட்டார்கள். என் பிரசவ வாரத்திலேயே போய்த் தேர்வு எழுதியிருந்தால், தான் வாங்கிய பட்டத்தைத் தன் கண்ணால் படித்திருப்பார்கள். எப்படி எண்ணிப் பார்த்தாலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், தினமும் வந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டிய எதிர்வீட்டு மாமாவுக்கும், பத்து நாளும் கூடவே இருந்த சித்திக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு எழுத்தைக்கூட மீட்டுக் கொடுக்க என்னால் முடியவில்லை. அதை மறைத்துவிட்டு நன்றி மட்டும் சொல்ல மனம் ஒப்பவில்லை.

மகள்