தங்கச்சி ஒட்டியது

லண்டனில் இருந்த அத்தை, அங்கே யாராவது ஆசையாக வாங்கி ஒட்டாமலே போட்டுவைத்த மேசை விளையாட்டுப் பொம்மைகளைத் தேடிப் பிடித்து அண்ணனுக்கு அனுப்புவார். விரல் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் வீரர்கள். தலை, கை, வாள் எல்லாம் தனித்தனியாக ஒரு சட்டத்தில் கோத்தபடி வரும். அவற்றை வெட்டியெடுத்து, பிசிறு சுரண்டி, பசை தொட்டுப் பொருத்துவதில் அண்ணனுக்கு விடுமுறை முழுவதும் போய்விடும். குண்டசாலையில் எங்கள் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து அம்மாவின் பீங்கான் கோப்பைகளை வெளியேற்றிவிட்டு ஒரு படையே குடியேறியிருந்தது.

எனக்கு ஒன்பது வயது. அந்த அலுமாரியைத் திறக்க எனக்கு உத்தரவு இல்லை. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தால்கூட, மூச்சு பட்டுப் புகை படிகிறது என்று அண்ணன் விரட்டுவான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, எல்லாவற்றையும் விற்கப்போவதாக அவன் திடீரென்று சொன்னான். படிக்க நேரம் போதவில்லையாம். பிள்ளைக்கு ஒருவழியாகப் பொறுப்பு வந்துவிட்டது என்று அப்பா பூரித்துப்போனார். அம்மா அன்றைக்கே கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இணையத்தில் படங்களைப் பார்த்துவிட்டு, கடுகண்ணாவையில் போன் திருத்தும் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா வந்தார். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த கையோடு. படத்தை நம்பி வாங்குவதில்லை, ஒட்டின ஒட்டைப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டு, கதிரையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கடையில் பாவிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்தார். அண்ணன் வருடவாரியாகப் பெட்டிகளில் அடுக்கிவைத்திருந்த ஒவ்வொரு வீரனையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தோளை மெல்ல அசைத்துப் பார்த்தார். கழுத்தில் இடைவெளி இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். பார்த்ததை மேசையில் வலப்பக்கமோ இடப்பக்கமோ வைத்தார்.

வலப்பக்கம் முதலில் வேகமாக நிறைந்தது. மூட்டே தெரியவில்லை, இப்படி வேலை கிடைக்காது என்று புகழ்ந்தார். அண்ணன் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றான். அடுத்த பெட்டியைத் திறந்ததும் இடப்பக்கம் நிறையத் தொடங்கியது. கோணலாக நின்ற கைகள். பின்னுக்குத் திரும்பிய தலை. ஒருவன் நெஞ்சில், பசை காயுமுன் அழுத்திய பெருவிரலின் ரேகை அப்படியே பதிந்திருந்தது. கடைசிப் பெட்டியில் இருந்தவர்களால் நிற்கவே முடியவில்லை. வைத்ததும் சாய்ந்தார்கள்.

கழற்றித் திரும்ப ஒட்டலாமே என்று அப்பா கேட்டார்.

"ஏலாது சேர். இது பிளாஸ்டிக்கயே உருக்கி ஒட்டுற பசை. ஒட்டினா ஒட்டினதுதான்." நானா அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பக்கம் உள்ளத யாரு தம்பி ஒட்டின? இது வேற கை."

அண்ணன் சிரித்தான். "அது தங்கச்சி. ஆசப்பட்டுச்சு, குடுத்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான். எனக்குக் காது சுட்டது. எட்டிப் பார்த்ததற்கே விரட்டியவன், கெட்டுப்போனதை மட்டும் என் தலையில் கட்டுகிறான்.

"நான் தொட்டதே இல்ல," என்றேன். "அண்ணன் என்னக் கிட்டயே விடாது. எல்லாம் அதுதான் ஒட்டுச்சு. கடைசிப் பெட்டியும் அதுதான்."

நானா பூதக்கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். அம்மா, தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கைய வெளிய எடு."

அவன் எடுக்கவில்லை. அம்மாதான் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். விரல்களை நீட்டச் சொன்னாள். வலக்கையின் இரண்டு விரல்கள் நீளவில்லை. பெருவிரலுக்குக் கீழே சதை குழிந்திருந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்டாள். பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன், என்றான்.

நானா எல்லாப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டார், இடப்பக்கத்தையும் சேர்த்து. வாசலில் அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மறுநாளே அப்பா லீவு போட்டுவிட்டு அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நரம்பைத் தின்னும் நோய் என்றார்கள். முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு. நான் பதினாறு வயதில் சாதாரணதரப் பரீட்சை எழுதும் முன்பே அவனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெற்றியாகத்தான் முடிந்தது. பொய் சொன்னவன் பிடிபட்டான், என் பெயர் சுத்தமானது. இனி அவனுக்கு ஏச்சு விழும் என்று பொழுதுபடும்வரை காத்திருந்தேன். விழவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அவ்வளவு பெரிய பையன் மறுப்புச் சொல்லாமல் வாயைத் திறந்தான். பொய் சொன்ன பிள்ளைக்கு இப்படிச் செல்லமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் ஊட்டச் சொல்லி அழுதேன்.