பால் டம்ளரில் ஒரு பல்

கபடியில் ரெய்டு போகிறவர் மூச்சு விடாமல் பாட வேண்டும். திருமயம் போட்டியில் என் மகள் கயல் பல்லுக்குக் கவசம் மாட்டியிருந்ததால் அவள் பாட்டு குழறியது. பாட்டு கேட்கவில்லை என்று நடுவர் அவுட் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பதற்றம்.

“அதக் கழட்டும்மா. வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்றேன். சிரித்துக்கொண்டே கழற்றி என் கையில் கொடுத்தாள்.

அடுத்த ரெய்டிலேயே எதிரணிப் பெண் ஒருத்தியின் முழங்கை அவள் வாயில் இடித்தது. முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் விழுந்தது. கவசம் என் உள்ளங்கையில் ஈரம் காயாமல் இருந்தது. நான் பல்லை எடுத்துச் சட்டையில் துடைக்கப் போனேன்.

“தொடைக்காதீங்கப்பா. வேர்ல கை படக்கூடாது. பால்ல போடணும். போன வருசம் எனக்கும் இப்பிடித்தான் போச்சு.”

சொன்னவள் இடித்தவளேதான், பொன்னமராவதிக்காரி. டீக்கடைக்கு ஓடி, காய்ச்சாத பால் ஒரு டம்ளர் வாங்கி வந்ததும் அவள்தான். அந்த டம்ளரோடு புதுக்கோட்டைக்குப் பறந்தோம். பல் மருத்துவர் அதைத் திரும்பப் பொருத்தினார். சில வாரங்களில் பிடித்துக்கொண்டது.

இப்போது கயல் கவசத்தோடுதான் பாடிப் பழகுகிறாள். ஆட்டத்துக்கு முன் அதைக் கழுவிக் கொடுப்பது என் வேலை. அவள் மூச்சடக்கிப் பாடும் அந்தக் குழறல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராகிறது.