பானெட்டுக்கு முன்னால் நின்றவர்

ஜெயசீலி அக்காவைக் கொன்றது கோமதியின் கால் இல்லை. பழுது என்று சொன்ன பிறகும் ஓட்டவிட்ட ஒரு ஜீப். ஓட்டவிட்டவர் எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி நடராஜ்.

செய்தி வந்தபோது நான் அன்னூர் சாலையில் ஒரு கல்லூரி மாணவிக்கு மூன்றாவது கியர் பழக்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் பயிற்சி தரும் மைதானத்தின் காவலாளி அழைத்தார். "ஏனுங்க டீச்சர், சீக்கிரம் வாங்க. ஜெயாம்மாவ ஜீப்பு சுவத்தோட வெச்சு அழுத்திப்போட்டுதுங்க." நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. ஓட்டுநர் இருக்கையில், பயிற்சிக்கு வந்திருந்த கோமதி அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரோ சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தியிருந்தார்கள். அவளுடைய இடது கால் கிளட்ச்சைத் தரையோடு தரையாக மிதித்தபடி இருந்தது. முட்டி விறைத்துப்போய் அவளால் எடுக்க முடியவில்லை. குனிந்து என் இரண்டு கைகளாலும் அந்தக் காலைத் தூக்கி வெளியே வைத்தேன். அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து அடுத்த அழைப்பு வந்தது.

அக்காவிடம் வண்டி பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையிலும் சோமனூரிலும் கோபியிலும் இன்று ஸ்கூட்டியை விட்டு இறங்கிக் காரில் ஏறியிருக்கும் பெண்களில் பலர் அவர் கையில் பழகியவர்கள். அவர் எப்படி நிற்பார் என்று உங்களுக்குத் தெரியும். முதல் வாரத்திலேயே ஒரு நாள் உங்களை வண்டியில் தனியாக விட்டுவிட்டு இறங்கி, பானெட்டுக்கு முன்னால் போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருப்பார். "கிளட்ச்ச முழுசா மிதிங்க. ஃபர்ஸ்ட் போடுங்க. பிரேக்குல இருந்து கால எடுங்க. வண்டி நகராது. நகர்ந்தா முதல்ல நாந்தான் போவேன். நான் பயப்படலைல்ல?" என்றிருப்பார். பயந்தவர்களைக் கேலி செய்வார். "ஏனுங்க அம்மணி, கிளட்ச்சு என்ன உங்க மாமியா காலா, தொட்டுத் தொட்டுக் கும்பிடறீங்க? நல்லா மிதிங்க!"

எனக்கு வண்டி கற்றுத் தந்தவர் அவர் இல்லை. நான் வேறு பள்ளியில் பழகி, உரிமம் வாங்கி, பயிற்சியாளராக இங்கே வேலைக்குச் சேர்ந்தவள். சேர்ந்த முதல் மாதமே இந்த வழக்கத்தை வைத்து அவரோடு சண்டை போட்டேன். கியரில் நிற்கும் வண்டிக்கு முன்னால் நிற்பது முட்டாள்தனம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "நான் பழகறப்ப ஒருத்தன் பக்கத்து சீட்டுல உக்காந்து கியர் சொல்லித் தாரேன்னு என்ற கைமேல கைய வெச்சவன் கடைசி வரைக்கும் எடுக்கல கண்ணு. டிரெய்னிங் வண்டில வாத்தியாருக்குன்னு இருக்கற ரெண்டாவது பெடல் அவன் காலுக்கடியில. வண்டி ஓடறது என்னாலயா அவனாலயான்னே எனக்குத் தெரியல. அதான் நான் எறங்கிடறேன். உள்ள அவ மட்டும் இருக்கோணும். ஸ்டியரிங்கும் அவளுது, பயமும் அவளுது."

"சரிக்கா. எறங்குங்க. ஆனா அக்கட்டால, கதவுக்குப் பக்கத்துல நில்லுங்க."

"பக்கத்துல நின்னா என்ற முகம் அவளுக்குத் தெரியாதே."

அவர் சொன்ன காரணம் சரி என்றும், நின்ற இடம் தவறு என்றும் இப்போதும் நினைக்கிறேன். இறந்தவர் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். அவருக்கும் அது பிடிக்காது.

அவருக்கு வண்டிச் சத்தங்கள் மீது பைத்தியம். அதில் தலைக்கனமும் உண்டு. "எனக்கு டாக்டர் மாதிரி காது" என்று மைதானத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வார். பாதி நேரம் தவறாகச் சொல்வார். போன வருடம் எங்கள் சின்னக் காரில் பின்சக்கர பேரிங் போய்விட்டது என்று அடம்பிடித்து வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப வைத்தார். மெக்கானிக் சிவா சக்கரத்தைக் கழற்றி மாட்டிவிட்டுக் கடைசியில் பின்சீட்டைத் தூக்கினான். அடியில் ஒரு டிபன் பாக்ஸும் அதற்குள் உருண்டுகொண்டிருந்த ஸ்பூனும் இருந்தன. டிபன் பாக்ஸ் அக்காவுடையது. அவரே விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் எந்த வண்டியைப் பற்றி எது சொன்னாலும் நடராஜிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது: "ஏனுங்க ஜெயா, மறுபடியும் ஸ்பூனுங்களா?"

ஜீப் விஷயத்திலும் அதுதான் நடந்தது.

அந்த ஜீப் பழைய டீசல் வண்டி. சரக்கு வண்டி ஓட்ட நினைக்கிறவர்களை மட்டும் அதில் ஏற்றுவோம். ஒரு நாள் காலை பேட்ச் முடிந்ததும் அக்கா என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, தான் கதவைத் திறந்து தரையருகே தலையை வைத்துக் கேட்டார். நியூட்ரலில் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கச் சொன்னார், சத்தம் இல்லை. கிளட்ச்சை லேசாகத் தொடச் சொன்னார், சத்தம் இல்லை. "கிளட்ச்ச தள்ளற ரிலீஸ் பேரிங் போயிருந்தா இங்கயே கத்தியிருக்கும்" என்றார். முழுதாக மிதித்து முதல் கியர் போடச் சொன்னார். உள்ளேயிருந்து எலிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு கீச்சொலி. பிரேக்கை விடச் சொன்னார். கிளட்ச் முழுதாக மிதிபட்டிருக்க, சமதளத்தில், ஜீப் எருமை மாதிரி மெதுவாக நகர்ந்தது. ரிவர்ஸ் போட்டபோது பல்லை நறநறவென்று கடித்தது.

"பைலட் பேரிங்" என்றார் அக்கா. "இது ஸ்பூன் இல்ல கண்ணு."

இது தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கியர்பாக்ஸிலிருந்து இன்ஜினை நோக்கி வரும் தண்டின் நுனி, இன்ஜினின் பின்பக்கம் ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும். அங்கே அதைத் தாங்குவதுதான் பைலட் பேரிங். இந்த ஜீப் போன்ற பழைய வண்டிகளில் அந்த இடத்தில் ஒரு புஷ், வெறும் உலோக வளையம். நாம் கிளட்ச்சை மிதிக்காதவரை இன்ஜினும் தண்டும் ஒன்றாகச் சுற்றுவதால் அதற்கு வேலையே இல்லை. மிதித்துக் கியர் போட்ட பிறகு இன்ஜின் சுற்ற வேண்டும், தண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் அதற்கு வேலை. அது தேய்ந்து, காய்ந்து, சூடேறியதும் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் கிளட்ச்சை எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. இன்ஜின் தண்டையும் சேர்த்துச் சுற்றும். வண்டி போகும்.

அக்கா அன்றே நடராஜிடம் சொன்னார். நானும் உடன் இருந்தேன். நடராஜ் கோபப்படவில்லை. எங்கள் ஊரில் யாரையும் மரியாதை குறையாமலேயே மறுத்துவிடலாம். "லீவு சீசனுங்க ஜெயா. பேட்ச் நெறஞ்சு கெடக்குது. பெட்டிய எறக்குனா வண்டி பட்டறையில படுத்துக்கும். சிவாவ விட்டு மேலாப்புல பாக்கச் சொல்றனுங்க." கியர்பாக்ஸை இங்கே பெட்டி என்போம். அதை இறக்காமல் பைலட் பேரிங்கைக் கண்ணால் பார்க்க வழியில்லை. சிவா வந்து கிளட்ச் குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டு, பெடலைச் சரிசெய்துவிட்டுப் போனான். போகும்போது என்னிடம் சொன்னான்: "பெட்டிய எறக்குனாத்தானுங்க தெரியும். அண்ணன் வேண்டாங்கறாரு."

மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக அக்கா ஜீப்பைச் சோதித்தார். கீச்சொலி இல்லை. நகரவும் இல்லை. ரிவர்ஸ் வெண்ணெய்போல விழுந்தது. "சிவா கையில என்னமோ இருக்குது கண்ணு" என்று சிரித்தார். இன்ஜின் அப்போது பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. காலையில் சரியாக இருந்த வண்டி, பேட்ச் பேட்சாக ஹாஃப் கிளட்ச்சில் உருண்டு, உச்சி வெயிலில் கொதித்த பிறகும் சரியாக இருக்குமா என்று அவர் பார்க்கவில்லை. அந்த வாரம் பார்க்க நேரமும் இல்லை. ஒரு பேட்ச் இறங்கும்போதே அடுத்த பேட்ச் வேப்பமரத்தடியில் காத்திருந்தது.

கோமதி சோமனூர்க்காரி. அவள் கணவனுக்குத் தறி ஓட்டும் வேலை. நெய்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொந்தமாக ஒரு வண்டி எடுத்து, அதைத் தானே ஓட்ட வேண்டும் என்று வந்தவள். விபத்து நடந்த அன்று காலை பேட்ச்சில் கடைசி ஆள். ஜீப் அதற்குள் நன்றாகச் சூடேறியிருந்தது. அக்கா இறங்கி, மைதானச் சுவருக்கு முதுகைக் காட்டியபடி முன்னால் போய் நின்றார். பிறகு நடந்ததைக் கோமதி ஒருமுறைதான் சொன்னாள். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அக்கா சிரிச்சுட்டுத்தானுங்க நின்னாங்க. பிரேக்க உடுங்கன்னாங்க, உட்டேன். வண்டி குபுக்குனு போச்சுங்க. பயந்தா கிளட்ச்ச மிதின்னு அக்காதான சொல்லியிருக்காங்க? மிதிச்சனுங்க. இன்னும் அழுத்தி மிதிச்சேன். மிதிக்க மிதிக்கப் போவுது. நான் கால எடுக்கவே இல்லைங்க."

காவல் நிலையத்தில் நடராஜ் கொடுத்த வாக்குமூலத்தில், பயிற்சிக்கு வந்த பெண் பதற்றத்தில் கிளட்ச்சை விட்டுவிட்டாள் என்று இருக்கிறது. அவர் அப்போது மைதானத்திலேயே இல்லை. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகக் கோமதி மேல் வழக்கு. அவள் கால் எங்கே இருந்தது என்று நான் சொல்லப் போனேன். விபத்துக்குப் பிறகு வந்தவள்தானே என்று போலீஸார் எழுதிக்கொள்ளவில்லை. வண்டியைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். நிலையத்து வளாகத்தில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த ஜீப்பைக் காலையில் ஸ்டார்ட் செய்து, பிரேக் பார்த்து, கிளட்ச் மிதித்து, கியர் போட்டு, இயந்திரக் கோளாறு எதுவுமில்லை என்று முடித்துவிட்டார். அக்கா ஏமாந்த அதே இடத்தில் அவரும் ஏமாந்தார். அக்கா அதற்கு உயிரைக் கொடுத்தார். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சூட்டில் அந்த வளையம் தண்டைக் கவ்விப் பிடித்தது என்பதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் கோமதியின் அந்தக் காலை நான் கையால் தூக்கியிருக்கிறேன். நான் சொல்வது தவறென்றால் அதையும் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். பிறகு எதற்கு நடராஜ் அதை இறக்கப் பயப்பட வேண்டும்?

தேவாலயத்தில் நினைவுத் திருப்பலி நடந்த அன்று நடராஜ் பெரிய மாலையோடு வந்தார். மைதானத்து வாசலில் அக்காவின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார். 'பெண்களுக்கு வழிகாட்டிய தியாகச் செம்மலே' என்று எழுதி, கீழே பள்ளியின் பெயரையும் சேர்க்கைக்கான அழைப்பையும் போட்டிருக்கிறார். அக்கா தியாகம் எதுவும் செய்யவில்லை. வேலைக்கு வந்தார். வண்டி சரியில்லை என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. அதே வண்டியில் வேலை செய்ய வைத்தார்கள். தியாகம் என்பது, செய்தவர்கள் தப்பித்துக்கொள்ள இதற்கு வைத்த பெயர்.

திருப்பலிக்குக் கோமதி வந்திருந்தாள், கடைசி வரிசையில். அக்காவின் அம்மா எழுந்து அவளை நோக்கி நடந்தார். அந்த அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ என்ன பண்ணுவே அம்மணி, உன்ற கால்தான் மிதிச்சுட்டே இருந்துதாம்ல" என்று மட்டும் சொன்னார். சோமனூரில் அவள் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆளைக் கொன்றவள் என்கிறார்கள். தறிச்சத்தம் இருக்கும்வரை அது காதில் விழாதாம். தறி நின்றால் விழுகிறதாம்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: வண்டியை விட்டு இறங்குவதை. பயிற்சிக்கு வரும் பெண்ணை ஒருமுறையாவது உள்ளே தனியாக விடுகிறேன். ஆனால் முன்னால் போய் நிற்பதில்லை. ஓட்டுநர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்து, அதில் என் முகம் தெரியும்படி பார்த்துக்கொள்கிறேன். அன்று சண்டையில் எனக்குத் தோன்றாத பதில் அது. அவரிடம் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, வண்டி சரியில்லை என்று யார் சொன்னாலும் அன்று அதை எடுக்க மாட்டேன். அதற்காகத்தான் நடராஜின் பள்ளியில் எனக்கு இப்போது வேலை இல்லை; வேறு இடத்தில் சொல்லித் தருகிறேன்.

ஜீப் காவல் நிலையத்திலிருந்து திரும்பி வந்து நடராஜின் ஷெட்டில் நிற்கிறது. கிளட்ச் செட்டை மொத்தமாக மாற்றி வண்டியை விற்றுவிடச் சொல்லியிருப்பதாகச் சிவா சொல்கிறான். மாற்றிவிட்டால் பழைய வளையம் காயலான் கடைக்குப் போய்விடும். கோமதி கிளட்ச்சை விடவில்லை என்பதற்குக் காவல் நிலையத்தில் எடுபடும் சாட்சி வேறு இல்லை. போன வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு நடராஜின் அலுவலகத்துக்குப் போனேன். "வாங்க, உக்காருங்க, மோர் சாப்பிடறீங்களா?" என்றார். பெட்டியை எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அதனால் உங்கள் எல்லோர் முன்னாலும் திரும்பக் கேட்கிறேன்.

நடராஜ் அண்ணா, அந்த ஜீப்பின் பெட்டியை, எங்கள் கண் முன்னால், இறக்குங்கள். எந்த நாளில் இறக்குகிறீர்கள் என்று சொல்லுங்கள்.