ஞாயிற்றுக்கிழமை இறக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்வார்கள். அந்தக் கோபத்துக்கு ஏற்ற வேலைதான் கிடைத்தது. பொகவந்தலாவைக்கு மேலே, நான் பிறந்த தோட்டத்தில், பழைய துரை பங்களாவை விடுதியாக்கினார்கள். மலை உச்சியிலிருந்து சைக்கிளில் கீழே பாயும் விளையாட்டை அங்கே தொடங்கியபோது, தோட்டம் தெரிந்த, விழுவதற்குப் பயப்படாத ஆள் வேண்டும் என்றார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டு விடுதிக்குப் பின்னால் இருந்த அறைக்குக் குடிபோனேன்.

வெளிநாட்டில் பனிச்சறுக்கு நடக்கும் மலைகளில், கோடைகாலத்தில், கம்பியில் தொங்கும் நாற்காலியே ஆளையும் சைக்கிளையும் மேலே தூக்கிப் போகுமாம். எங்களுக்கு டிராக்டர்தான். பின்பெட்டியில் சைக்கிள்களை நிறுத்திக் கட்டி, வந்தவர்களையும் ஏற்றி, டிரைவர் உச்சியில் கொண்டுபோய் விடுவார். ஆனாலும் நாங்கள் அதை லிஃப்ட் என்றே சொன்னோம்.

அங்கிருந்து குறுக்குப் பாதை. தேயிலைக்கு நடுவே, கொழுந்து பறிக்கிறவர்கள் ஏறி இறங்கத் தேய்ந்த பாதை. கல்படி, மழைத்தண்ணீர் ஓடும் கான், மறுபடியும் கல்படி. கவ்வாத்து வெட்டிய தேயிலைத் தூர்கள் இரண்டு பக்கமும் கூராக நிற்கும். முதல் மாதமே என் தோளெலும்பு உடைந்தது. பிறகு ஒரு தூர் தொடையில் ஏறியது. ஒரு தடவை தாடையைப் படியில் மோதி, நாக்கைக் கடித்து, இரண்டு நாள் கஞ்சி குடித்தேன். ஆறியதும் மறுபடியும் ஏறினேன். பாயும்போது மண்டைக்குள் ஒரு சொல்கூட மிஞ்சாது. அந்த மாதிரி நிம்மதி எனக்கு வேறு எங்கேயும் கிடைத்ததில்லை.

பாதையில் ஆள் இருந்தால் கொலைதான். அதனால் தினமும் காலையில் பெரட்டுக்குப் போவேன். எல்லோரையும் கூட்டி வேலை பிரிக்கிற இடம் அது. எந்தக் கூட்டம் எந்த நம்பர் மலைக்கு என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அங்கேதான் சொல்வார். ஆள் இல்லாத மலை வழியாக மட்டும்தான் சைக்கிள் விடுவோம். அப்போதும் முதலில் நான் சத்தம் போட்டுக்கொண்டே இறங்கிப் பார்த்து, போனில் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது, மலையில் வேலையும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் விலக்கு. மழை விழுந்து கொழுந்து அளவுக்கு மீறித் தள்ளினால், ஞாயிற்றுக்கிழமையும் விருப்பப்பட்டவர்கள் போய்ப் பறிப்பார்கள். கைக்காசு என்று அதற்குப் பெயர். முதல் நாள் சாயங்காலம் கங்காணி லயம் லயமாக நடந்து சொல்லிவிட்டுப் போவார். லயத்தில் இருப்பவனுக்குத்தான் அது காதில் விழும். நான் விடுதியில் இருந்தேன்.

கேட்காவிட்டால் என்ன, கண் இல்லையா? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பத்து நாள் மழை பெய்து முடிந்திருந்தது. தேயிலை பச்சைப்பசேலென்று பொங்கி நின்றது. அதைப் பார்த்ததுமே கைக்காசு நினைவு வந்திருக்க வேண்டும். நானோ, வழுக்குகிற படியில் எந்தக் கோட்டில் இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வந்தவன் ஒருவன்தான். கொழும்புப் பையன், சிங்களம் பேசுகிறவன். இருபத்தைந்து வயது இருக்கும். உச்சியில் நல்ல பனிமூட்டம். நீங்கள் முதலில் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கைகூட இருக்காது, போ என்றேன். நிச்சயமா என்று இன்னொரு தடவை கேட்டான். எனக்கு எரிச்சல் வந்தது. இது நான் பிறந்த மலை என்று சொல்லி, அவன் முதுகில் தட்டி அனுப்பினேன். அவனுக்குப் பின்னாலேயே நானும் பாய்ந்தேன்.

மூன்றாவது வளைவில் தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் பாதையில் இறங்கினாள். தலையில் கொழுந்துச் சாக்கு. அவன் பிரேக்கைப் பிடித்தான், சைக்கிள் படியில் வழுக்கிக்கொண்டே போய் அவளை அடித்தது. சாக்கு கிழிந்து கொழுந்து பறந்தது. அவன் கைப்பிடிக்கு மேலால் தூக்கி எறியப்பட்டு முழங்காலில் விழுந்தான். அவள் கானுக்குள் கிடந்தாள். வலது முழங்கைக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. முகத்தைப் பார்த்தேன். என் அக்கா.

அவன் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நொண்டிக்கொண்டே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கானுக்குள் இறங்கி அவள் தலையைத் தாங்கினான். பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, நீங்கள்தானே என்று சிங்களத்தில் ஆரம்பித்தான்.

முடிக்க விடவில்லை. அவனுடைய ஹெல்மெட்டையே எடுத்து அவன் வாயில் அடித்தேன். அக்காவுக்காக அடித்தேன் என்று அன்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். சுற்றி நின்ற பெண்களுக்குச் சிங்களம் விளங்கும், நான்தான் அனுப்பினேன் என்று அவன் சொல்லிவிடுவான், அதனால்தான் அடித்தேன். இரண்டு பல் விழுந்தது. அவன் மறுபடியும் வாயைத் திறந்தான், நான் மறுபடியும் அடித்தேன். நான் தொடங்கியதும் கூட்டமும் தொடங்கியது. கொழுந்து மட்டம் பார்க்க வைத்திருக்கும் மட்டக்கம்பால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள். அவன் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

அக்காவின் புருஷன், என் மச்சான், மேலே விறகு வெட்டிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டுக் கத்தியோடு இறங்கி வந்தார். அக்காவின் கையைப் பார்த்தார். என்ன ஏது என்று யாரையும் கேட்கவில்லை. பையனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். கத்தி மேலே போனது. நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். நான்தான் அனுப்பினேன் என்ற இரண்டு சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

கானுக்குள்ளிருந்து அக்காதான் கத்தினாள்.

"ஏங்க, வெட்டிப்புடாதீங்க. நாந்தான் பாக்காம பாதையில எறங்கிட்டேன்."

கத்தி இறங்கியது. இரண்டு பேரையும் டிராக்டர் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெட்டி குலுங்கக் குலுங்க, அக்காவின் உடைந்த கை ஆடாமல் அந்தப் பையன்தான் மடியில் வைத்துப் பிடித்திருந்தான். அவன் வாயிலிருந்து ரத்தம் சட்டைக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. போலீசில் கேட்டபோது, சைக்கிளிலிருந்து விழுந்ததில் பல் போனது என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். தப்பித்தோம் என்று லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பரதேசிக்கு இன்னும் நாலு போட்டிருக்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

நான்காம் நாள், கையில் கம்பி வைத்துக் கட்டுப்போட்டுப் படுத்திருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் மேலே கூரையைப் பார்த்தபடி கேட்டாள். நான் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்னடா செய்ய? அத்தன பேரு முன்னுக்குத்தான அந்தப் புள்ளய அடிச்ச. அத்தன பேரு முன்னுக்கும் போய்ச் சொல்லு."

மறுநாள் காலை பெரட்டுக்குப் போனேன். கண்டாக்கு ஐயா மலை நம்பர்களைச் சொல்லி முடித்ததும், ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டேன். அக்காவைப் பற்றி என்று நினைத்துத் தலையாட்டினார். நான் சொன்னேன். அவன் இரண்டு தடவை கேட்டான், இரண்டு தடவையும் நான்தான் போகச் சொன்னேன், அதைச் சொல்லிவிடுவான் என்றுதான் வாயில் அடித்தேன் என்றேன். மட்டக்கம்பு வைத்திருந்த பெண்களில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் பேசினார்.

"அன்னைக்கு ஒங்கக்கா கத்தலன்னா நான் வெட்டியிருப்பேன். நான் தூக்குக்குப் போயிருப்பேன். அப்பவாவது வாயத் தொறந்திருப்பியா?"

திறந்திருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. அவர் மற்ற ஆட்களோடு சேர்ந்து மலைக்கு ஏறிப் போனார்.