வாப்பா போட்ட சண்டைப் படம்

படங்களில் வரும் அடிதடியை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டுமா என்று தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து விவாதிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பத்து வயது வரைக்கும் நான் கட்டுப்பாட்டிலேயே வளர்ந்தவள். எங்கள் வீட்டில் அரசாங்கம் என்பது வாப்பாதான்.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் எங்களுக்குச் செருப்புக் கடை. வீடு கடைக்கு மேலே. தொலைக்காட்சியில் படம் தொடங்கினால் வாப்பா ரிமோட்டைப் பிடித்தபடி கதிரையில் உட்கார்ந்துவிடுவார். சிகரெட்டையும் சாராயப் போத்தலையும் மங்கலாக்கி மறைக்கிற நாட்டில் அரிவாளை மட்டும் பளபளவென்று காட்டுகிறார்களே, மிச்ச வேலையை யார் செய்வது என்பது அவருடைய கட்சி. கதாநாயகன் சட்டைக் கையை மடித்தால் போதும், செய்திக்கு மாற்றிவிடுவார். செய்தியில் அதைவிட மோசமாக ஏதாவது ஓடும். அது பரவாயில்லையாம்.

ஒரு படத்துக்காவது முடிவு பார்த்திருக்கிறேனா? என் கணக்கில் எல்லா வில்லன்களும் உயிரோடு, சுகமாக இருந்தார்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கடைசிச் சண்டையை நடித்துக் காட்டும்போது நானும் பார்த்தவள் போலத் தலையாட்டிவிட்டு வருவேன். உம்மாவிடம் முறையிட்டால், "வாப்பா வாணாமெண்டா வாணாம்தான்" என்று அடுப்படிக்குப் போய்விடுவார்.

அப்படிப்பட்ட வாப்பா ஒரு நாள் பட்டப்பகலில் தானே எனக்குச் சண்டைப் படம் போட்டுக் கொடுத்தார்.

கண்டிப் பக்கம் கலவரம் நடந்த வாரம் அது. எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் பள்ளிக்கூடம் லீவு என்பது மட்டும்தான். கண்ட கண்ட படங்களும் பரவக் கூடாதென்று அரசாங்கம் போனில் பாதி வசதிகளை நிறுத்தி வைத்திருந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்பே வாப்பா கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்தார். பின்னாலேயே அவருடைய தம்பி, எங்கள் சாச்சா, லெப்டொப்பும் பெரிய ஹெட்செட் ஒன்றும் கொண்டு வந்தார். என்னைப் பின்பக்க அறையில் உட்கார்த்தி, வாப்பா தன் கையாலேயே அதை என் காதில் மாட்டினார்.

"சண்ட ஈக்கிற படமா போடு," என்று சாச்சாவிடம் சொன்னார். "நல்லா சத்தம் ஈக்கோணும்."

நான் நம்பவில்லை. பரீட்சை வைக்கிறாரோ என்று முதல் சண்டையில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாருங்க மகள், பாருங்க என்று அவருடைய வாய் அசைந்தது.

சரி, விட்டதுதான் விட்டார்கள், நிம்மதியாகவாவது பார்க்க விட்டார்களா? சாச்சா யன்னலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். உம்மா கதவடியில் நின்று ஓதிக்கொண்டிருந்தார். ஏதோ கருகும் நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்தியபோது, குப்பை எரிக்கிறார்கள் என்று கையைக் காட்டினார். கடைசிச் சண்டை தொடங்கியதும் வாப்பா பின்னால் வந்து, இரண்டு உள்ளங்கையாலும் ஹெட்செட்டை என் காதோடு சேர்த்து அழுத்தினார். பழைய புத்தி வந்துவிட்டது, நிறுத்தப் போகிறார் என்று நினைத்துக் கையைத் தட்டிவிட்டேன். அவர் விடவில்லை.

கீழே ரோட்டில் ஒரு கும்பல் முஸ்லிம் கடைகளாகப் பார்த்து உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. எங்கள் கடையையும் உடைத்து, செருப்புப் பெட்டிகளை நடு ரோட்டில் போட்டுக் கொளுத்தியிருக்கிறது. அவ்வளவு நேரமும் பொலிஸ் வரவில்லையாம்.

படத்தில் எல்லாம் முடிந்த பிறகு பொலிஸ் வந்தது. வாழ்க்கையில் நான் பார்த்த முதல் முடிவு. ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னறைக்கு ஓடினேன். வாப்பா எப்போதோ கையை எடுத்துவிட்டுப் போய்க் கதிரையில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கடைசியில பொலிஸ் வந்துட்டாங்க வாப்பா."

அவர் நிமிர்ந்தார்.

"பொலிஸ் எத்தன மணிக்கு வந்த?" என்று கேட்டார். 

படத்தில் யார் மணி பார்ப்பார்கள்? கதாநாயகன் எத்தனை பேரை அடித்தான், வில்லன் என்ன ஆனான் என்று கேட்க வேண்டிய இடத்தில் இப்படியொரு கேள்வி. இந்த மனிதருக்குப் படம் பார்க்கவே தெரியாது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.