அவர் திறந்து காட்டிய பை

எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. அதன் வாசலில் பெண்களின் பைகளைச் சோதிக்க ஓர் அக்கா நிற்பார். ஒல்லியான உடம்பு, ஆண்களுக்குத் தைத்த காக்கிச் சட்டை. அடுத்தவர் பையைத் தொடுவதற்கு முன் தன் பையைத் திறந்து காட்டுவார். உள்ளே ஒரு குடையும் வெற்றிலைப் பொட்டலமும் இருக்கும்.

"என்னோடத பாத்துக்கங்க. அப்புறம் ஒங்களோடத காட்டுங்க."

தீபாவளிக்கு மறுநாள் நாங்கள் எங்கள் ரப்பர் தோட்டத்து லாரியில் போயிருந்தோம். வாசலில் கூட்டம் நெரிந்தது. பூங்கா மேனேஜர் வந்து அக்காவை அதட்டினார்.

"கார்ல வந்தவங்கள விட்டுரு. லாரில வந்தவங்க பைய மட்டும் பாரு."

அக்கா குரலை உயர்த்தவில்லை. "பாத்தா எல்லாரோடதும் பாப்பேன் சார். இல்லன்னா யாரோடதும் பாக்க மாட்டேன் லா."

அடுத்து நின்றவள் காரில் வந்த சீமாட்டி. அவளிடமும் தன் பையைத் திறந்து நீட்டினார். அவளும் திறந்தாள்.

பொங்கலுக்குப் போனபோது அவரைக் காணோம். பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அங்கே நின்ற புதியவள் கார்க்காரர்களை அப்படியே உள்ளே அனுப்பிவிட்டு, என் பையைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் பின்னால் லாரியில் வந்த சனம் முழுவதும் நின்றது. நான் பையை விடவில்லை.

"மொதல்ல ஒங்களோடத காட்டுங்க," என்றேன்.