யார் பெற்ற பிள்ளை

ஆல்வின் ஃபாபியன் என்று கேட்டால் எங்கள் கரீபியத் தீவு டொமினிக்காவில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். தென்னை என்று கேளுங்கள், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவு உயரம். எங்கள் தேசியக் கால்பந்து அணியில் நடுவில் நின்று தடுத்தாடுகிறவன் அவன். நான் அதே அணியில் மாற்று கோல்கீப்பர். பல வருடம் அணியில் இருந்தேன், ஆடிய ஆட்டங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் ஒன்றில் மழை வந்து பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பட்டப்பெயரே ‘பெஞ்சு’. பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் ஆட்டமும் தெரியும், பின்னாலிருக்கும் ரேடியோவும் கேட்கும்.

எங்கள் ஊர்க்காரர்கள் மைதானத்துக்கு வரும்போதே கையில் ரேடியோவோடுதான் வருவார்கள். ஆட்டம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும், இவர்கள் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார்கள். ரெமி சார் சொன்னால்தான் கோல் கோலாகும். கிளெமென்ட் ரெமி என்ற அந்த மனிதர்தான் எங்கள் தீவின் கால்பந்துக் குரல். பிற தீவுகளோடு கோப்பை ஆட்டம் நடக்கிற நாளில் கடைகளெல்லாம் திறந்துதான் இருக்கும், ஆனால் கல்லாவில் ஆள் இருக்காது. எல்லாம் அவர் வாயைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எவனாவது நன்றாக ஆடிவிட்டால் போதும், தொண்டை கிழியக் கத்துவார். “யாரு பெத்த புள்ள இது! கிராண்ட் பே ஊரு மத்தில்டா பெத்த புள்ள! தச்சன் ஹென்றி மவன்! ஏ ஹென்றி, கேக்குதா? உளியக் கீழ வெச்சுட்டு உன் மவனப் பாரு!” அப்படி ஒருதரம் ரேடியோவில் வந்துவிட்டால் பெற்றவர்களுக்கு ஒரு வாரத்துக்கு நடையே மாறிவிடும். ஹென்றி மறுநாள் சந்தைக்குப் போவதற்குக் கோட்டு மாட்டிக்கொண்டு போனான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னத் தீவு. இன்னாருடைய பிள்ளை என்று நாலு பேர் காதில் விழுந்தால்தான் இங்கே ஒருவன் முழு ஆள்.

தென்னை எத்தனையோ பந்தைத் தடுத்திருக்கிறான். கோல் கோட்டிலிருந்து தலையால் எடுத்திருக்கிறான். பல் உடைந்து ரத்தத்தோடு ஆடியிருக்கிறான். அப்போதெல்லாம் ரெமி சார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பாயிண்ட் மிஷேல் ஊர்ப் பையன்.” ஊர் எப்படியய்யா பிள்ளை பெறும்? எனக்குப் பெஞ்சில் உட்கார்ந்தே பற்றிக்கொண்டு வரும்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பெற்றதே ரெமிதான். தென்னையின் அம்மா வெரோனா அக்கா சின்ன வயதில் வானொலி நிலையத்தில் தரை துடைக்கப் போனவள். ரெமி அப்போதே கல்யாணமானவர், கோவிலில் முன்வரிசை ஆள். நடந்தது நடந்துவிட்டது. பிள்ளையோ அப்பனை உரித்துவைத்தது மாதிரி வந்து பிறந்தான். அந்த நெற்றி, அந்தத் தோள், அந்த உயரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம், இவரோ தென்னை மரத்தையே மறைத்துக்கொண்டிருந்தார்.

ஒருதரம் செயின்ட் லூசியாவுக்கு ஆடப் போனோம். கப்பலில் எல்லோரும் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்க, நானும் அவனும் மட்டும் கம்பியைப் பிடித்து நின்றோம். திடீரென்று கேட்டான். “பெஞ்சு, நான் எதுக்குடா பந்து ஆட வந்தேன்னு நெனக்கிற?”

“இந்த ஒசரத்துக்கு வேற என்ன பண்ணுவ? தேங்காதான் பறிக்கணும்.”

அவன் சிரிக்கவில்லை. “அணியில சேந்துட்டா அவரு சொல்லித்தானே ஆகணும்னு நெனச்சேன். எல்லாரையும் சொல்றாருல்ல? ஒரு தடவ சொல்லட்டும்டா. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லட்டும், உதவாக்கரைன்னுகூடச் சொல்லட்டும்.”

“உன் பேரச் சொல்றாருல்ல?”

“பேரச் சொல்றாரு. எங்கம்மா பேரையாவது சொல்லலாம்ல? அதுகூட வாயில வரல பாரு.”

அம்மா பெயரைச் சொன்னால் அடுத்து அப்பா பெயரைச் சொல்ல வேண்டுமே, அதுதான் வரவில்லை. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாதா என்ன?

வெரோனா அக்காவிடம் ஒருநாள் நான் வாய்விட்டே கேட்டேன். தலைநகர் ரோசோவின் பேருந்து நிறுத்தத்தில் உப்புமீனும் பொரித்த ரொட்டியும் விற்றுக்கொண்டிருந்தாள். ஆட்ட நாளில் அவளும் தவறாமல் ரேடியோ கேட்பவள்தான்.

“அக்கா, அந்த ஆளை நீங்க நேர்ல போய் நாலு வார்த்த கேட்டா என்ன?”

“கேட்டு வாங்குறதுக்கு அது என்ன ரொட்டியாடா?” என்றாள். “அவருக்கா வாய் வரணும். வரலன்னா, எம்புள்ள எம்புள்ளதான். நீ மொதல்ல ரொட்டியத் தின்னு, ஆறுது. பெஞ்சத் தேய்க்கவும் தெம்பு வேணும்ல?”

அந்த வருடத் தீவுகள் கோப்பையில் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். செயின்ட் வின்சென்ட்காரர்களோடு எங்கள் ரோசோ மைதானத்தில் ஆட்டம். மழை விட்டு விட்டுப் பெய்தது. கடைசி வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர். தென்னை தன் இடத்தை விட்டு முன்னால் ஓடினான். பந்து வந்தது. நாலு பேர் தலைக்கு மேலே இவன் தலை மட்டும் தெரிந்தது. வலை குலுங்கிற்று.

மைதானமே எழுந்து நின்றது. எனக்குப் பின்னால் இருந்த ரேடியோக்கள் எல்லாவற்றிலும் ரெமி சார் கத்தினார். “கோல்! கோல்! அடேயப்பா, என்னமாக் குடுத்தான் தலையால! யாரு பெத்த புள்ள இது!”

பழக்கதோஷம். வாய் முந்திக்கொண்டுவிட்டது. கேட்ட பிறகுதான் மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும். அதன் பிறகு ரேடியோவில் சத்தமே இல்லை. வெறும் இரைச்சல். கத்திக்கொண்டிருந்த ஜனமும் ஒவ்வொருவராக அடங்கி ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டது. சொல்லித் தொலையேன் கிழவா, சொல்லித் தொலையேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மேல் வரிசையிலிருந்து ஒரு மீன்காரி கத்தினாள். “ஒன் புள்ளதான்யா! இதுக்கு என்ன யோசன!”

அவ்வளவுதான். ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பு மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தென்னை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எங்கள் பக்கம் ஓடிவந்தவன், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து நின்றுவிட்டான். கை இறங்கிவிட்டது. தன் கால்சட்டை கிழிந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தான், பாவி. அப்புறம் மேலே, வர்ணனைக் கூண்டைப் பார்த்தான். ரெமி மைக்கைப் பிடித்தபடி எழுந்து நின்று இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரேடியோ பேசிற்று. “பாயிண்ட் மிஷேல் ஊர்ப் பையன். ஆட்டம் தொடருது.”

ஜெயித்தோம். உடைமாற்றும் அறையில் பாட்டும் கூத்துமாக இருந்தது. இவன் ஒரு மூலையில் உட்கார்ந்து ஷூவின் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவிழ்க்கவில்லை.

“எதுக்குடா சிரிச்சாங்க?”

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். எப்படியும் வெளியே போனால் யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

“எவ்ளோ நேரம் பேசாம இருந்தாரு?”

“கொஞ்ச நேரம். ரெண்டு மூணு மூச்சு இருக்கும்.”

அவன் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. “அப்ப, சொல்லலாமான்னு நெனச்சிருக்காருடா. இல்லன்னா சட்டுனு ஊர் பேரச் சொல்லியிருப்பாருல்ல? ஃபைனல்ல சொல்லிடுவாரு பாரு. நான் இன்னொண்ணு போடுறேன், அவரு சொல்லிடுவாரு.”

கோமாளித்தனமாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த வாரம் முழுக்க அவன் பயிற்சி முடிந்த பிறகும் தனியாக நின்று, வருகிறவன் போகிறவனையெல்லாம் பிடித்துப் பந்து தூக்கிப்போடச் சொல்லித் தலையால் அடித்துக்கொண்டிருந்தான். நெற்றி புடைத்துப்போயிற்று.

இறுதி ஆட்டத்துக்கு முன்பே ரெமி சார் போய்விட்டார். காலையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் ரேடியோவில் சாவு அறிவிப்பு வாசிப்பார்கள். அடக்கம் எப்போது என்பதோடு நிற்காது. செத்தவர் விட்டுச்சென்ற உறவு அத்தனையும் வரிசையாக வரும். பெற்ற பிள்ளைகள், கல்யாணத்துக்கு வெளியே பெற்ற பிள்ளைகள், எல்லாம் வரும். வீட்டில் எவ்வளவு சண்டை இருந்தாலும் செத்த பிறகாவது பெயரைச் சேர்த்துவிடுவார்கள். அதனால் அன்று சாயங்காலம் நாங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டு ஒரு ரேடியோவைச் சுற்றி நின்றோம். தென்னை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மனைவி பெயர் வந்தது. டொராண்டோவிலிருக்கும் மகன் ஜெரோம், மகள்கள் மூன்று பேர், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அண்ணன் தம்பிகள், ஞானப்பிள்ளைகள், புரூக்ளினில் இருக்கும் சித்தப்பா மக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வைத்தியம் பார்த்த டாக்டர். கடைசியில், “தேசியக் கால்பந்து அணியினர், மற்றும் இங்கு பெயர் சொல்ல முடியாத பலர்.”

யாரோ ரேடியோவை அணைத்தார்கள். தென்னை போய்ப் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தான்.

ரெமி வீட்டம்மா எங்கள் பயிற்சியாளருக்குச் சொல்லியனுப்பினார்: அவர் உயிரே உங்கள் ஆட்டம்தான், அணிச் சட்டையோடு வந்து உங்கள் பையன்கள் பெட்டியைத் தூக்க வேண்டும். பயிற்சியாளர் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். தென்னையின் முன்னால் வந்து தயங்கி நின்றார். “நான் தூக்குறேன் சார்” என்றான் அவனே.

அடக்கத்தன்று காலை அவனைக் கூப்பிடப் போனேன். வெரோனா அக்கா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், போட்ட இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டாள். “ஊருக்கு நீ பந்தாட்டக்காரன். ஆனா தூக்குறப்போ யாரத் தூக்குறோம்னு ஒனக்குத் தெரியும்ல? அது போதும், போ” என்றாள். அவளும் வெள்ளை உடுத்திக்கொண்டு வந்தாள். கோவிலுக்குள் வரவில்லை, சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றாள்.

பெட்டியைத் தூக்கினோம். ஆம், அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். இதற்காவது பெஞ்சிலிருந்து எழுப்பினார்கள். தென்னை நிமிர்ந்து நடந்தால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் கோவிலிலிருந்து கல்லறை வரைக்கும் அந்த மேட்டில் முழங்காலை மடக்கியே நடந்தான். தொடை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ஆள் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

மண் போட்ட பிறகு ஜெரோம் எங்கள் வரிசைக்கு வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னான். சின்ன வயதிலேயே கனடா போனவன், ஊர்ப்பேச்சு எதுவும் அவன் காதுக்கு எட்டியதில்லை. தென்னையின் முன்னால் வந்து நின்றான். அந்தக் கூட்டத்திலேயே இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் சந்தித்தது அங்கேதான். ஜெரோமுக்குப் பின்னால் ரெமி வீட்டம்மா கறுப்புத் துணியில் நின்று தென்னையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தலையால போட்ட கோலு நீங்கதானே?” என்றான் ஜெரோம். “அப்பா அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணிச் சொன்னாரு. திரும்பத் திரும்ப அதையே சொன்னாரு. உங்க எல்லாரையும் சொந்தப் புள்ளைங்க மாதிரி நெனச்சாருங்க.”

தென்னையின் வாய் திறந்தது. எனக்குத் தெரியும், அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவன் ஜெரோமைப் பார்த்தான், பின்னால் நின்ற ரெமி வீட்டம்மாவைப் பார்த்தான்.

“ஆமா சார்,” என்றான். “ரொம்ப நல்ல மனுஷன்.”

பஸ்ஸில் ஏறியதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஏன்டா சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா? அவனே கேக்கறான், கையப் புடிச்சிட்டு நிக்கறான்...”

“அந்தம்மா நின்னுட்டிருந்தாங்கடா. புருஷனப் பொதச்ச மண்ணு இன்னும் காயல.”

பிறகு என் சட்டையைப் பிடித்தான். “போன் பண்ணிச் சொன்னாராம்டா, பெஞ்சு. யாரு போட்ட கோலுன்னு சொல்லியிருப்பாரு? அந்த வீட்டுல, போன்ல, யாருன்னு சொல்லியிருப்பாரு?”

அவன் முன் சீட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அத்தனை பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பாயிண்ட் மிஷேல் வந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, டிரைவரும் நிறுத்தவில்லை. சாலை முடிகிற இடம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினோம்.